மதியம் ஒரு மணிக்கு மைரா ஹெஸ்

மைரா ஹெஸ் என்ற பெயரைச் சொன்னால் யாழ்ப்பாணத்தில் தெரியும் என்பவர்கள் மிகக் குறைவு. மிஷன் பள்ளிக்கூடங்களில் பியானோ படித்த மூத்த அம்மாமார் சிலர், தேவாலயங்களில் ஓர்கன் வாசிப்பவர்கள் சிலர், அவ்வளவுதான். லண்டனில் பிறந்து லண்டனிலேயே 1965இல் காலமான பியானோக் கலைஞர் அவர். அவரைப் பற்றி எங்கள் ஊர்க்காரர் ஆறுதலாக இருந்து வாசிக்கிற அளவுக்கு எழுத வேண்டும் என்று நெடுநாளாக மனதில் கிடந்தது. குண்டு விழுகிற ஊரில் பாட்டும் கூத்தும் எதற்கு என்ற கேள்வியை நாங்களும் கேட்டு, மற்றவர்கள் கேட்கப் பதில் தெரியாமல் நின்று வளர்ந்தவர்கள். அந்தக் கேள்விக்கு ஆறரை வருடம், வார நாள் ஒன்றுகூடத் தவறாமல், மதியம் ஒரு மணிக்கு வேலை செய்து பதில் சொன்னவர் இந்த மனுசி.

1890 பெப்ரவரி 25ஆம் திகதி, ஒரு யூதக் குடும்பத்தில் நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். ஐந்து வயதில் பியானோ தொடங்கினார். கில்ட்ஹோல் இசைப் பள்ளியில் படித்து, அங்கிருந்து உதவித்தொகையோடு ரோயல் அகடமி ஒஃப் மியூசிக்குக்குப் போனார். அங்கே கிடைத்த குரு டோபியாஸ் மத்தே. பியானோக் கட்டையை அடிப்பது வேறு, கையின் பாரத்தைக் கட்டைக்குள் இறக்குவது வேறு என்பதை ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். விரல் பலத்தை மட்டும் நம்பி வாசித்தால் முன்கை இறுகிப்போகும், ஒலியும் சேர்ந்து இறுகும். தோளிலிருந்து வரும் பாரத்தைத் தடுக்காமல் விரல்நுனி வரை விட்டால்தான் ஒலி விரியும். ஹெஸ்ஸின் பழைய ஒலிப்பதிவுகளில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். உரத்து வாசிக்கிற இடத்திலும் அடி விழுகிற சத்தம் காதில் படாது.

1907 நவம்பரில், பதினேழு வயதில், லண்டன் குவீன்ஸ் ஹோலில் அரங்கேற்றம். வாத்தியக் குழுவை நடத்தியவர் தோமஸ் பீச்சம். வாசித்தது பீத்தோவனின் நான்காவது பியானோ கொன்சேர்ட்டோ, அதாவது தனிப் பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கிற உருப்படி. எவ்வளவு துணிச்சலான தெரிவு என்பது அதைக் கேட்டவர்களுக்கு விளங்கும். அந்தக் காலத்துக் கொன்சேர்ட்டோ என்றால் வழக்கமாக முதலில் வாத்தியக் குழு முழங்கும், பியானோக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருப்பார். அதற்குள் மண்டபமும் பழகிவிடும், பயமும் கொஞ்சம் தணியும். நான்காவதில் பீத்தோவன் அதைத் தலைகீழாக்கினார். பியானோ தனியாகத் தொடங்குகிறது, அதுவும் மெல்லிய குரலில், ஐந்தே பார், எங்கள் கணக்கில் ஐந்து தாள ஆவர்த்தம் மாதிரி. பிறகுதான் வயலின்கள் எங்கோ வேறொரு சுருதியிலிருந்து பதில் சொல்லத் தொடங்கும். முதல் தரம் பெரிய மேடை ஏறும் பிள்ளைக்கு அந்த ஐந்து பாரில் ஒளிந்துகொள்ள ஒரு இடமும் இல்லை.

நன்றாகத்தான் வாசித்தார். ஆனால் அதோடு வாழ்க்கை திறந்துவிடவில்லை. கச்சேரி அழைப்புகள் ஒன்றிரண்டாகத்தான் வந்தன. பிழைப்புக்கு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், வருடக்கணக்காக. அவர் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இந்தக் காலத்தை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. காலையில் பிள்ளைகளின் பிழைகளைத் திருத்திவிட்டு, மிச்ச நேரத்தில் தன் கையைத் தானே பழுதாகாமல் பார்த்துக்கொண்ட பதினைந்து வருடம் அது. 1922இல் அமெரிக்காவில் வாசித்த பிறகுதான் பெயர் பரவியது. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் கப்பல், ரயில், ஹொட்டேல் அறை என்று பயணம்தான்.

பியானோக் கலைஞரின் வாழ்க்கையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வயலின்காரர் தன் வயலினோடு போவார், நாதஸ்வரக்காரர் உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்வார். பியானோக்காரர் வெறுங்கையோடு போவார். போகிற ஊரில் என்ன பியானோ நிற்கிறதோ, அதுதான் அன்றைக்கு அவருடைய வாத்தியம். ஒன்றில் கட்டை பாரமாக இருக்கும், இன்னொன்றில் மேல்ஸ்தாயி கீச்சிடும், இன்னொன்றில் பெடல் முனகும். பின்னேரம் ஒரு மணித்தியாலம் தொட்டுப் பார்த்து, இரவு எட்டு மணிக்கு அதையே தன் குரலாக்கிக் காட்ட வேண்டும். வாழ்நாள் முழுக்க அந்நியர் வீட்டுச் சமையலறையில் சமைக்கிற வேலை.

யாழ்ப்பாணத்துக்காரியான எனக்கு இதில் இன்னொரு பக்கமும் தெரியும். பியானோ எடுத்துக்கொண்டு ஓட முடியாத வாத்தியம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி சண்டை நெருங்கி ஊரே கிளம்பி நாவற்குழிப் பாலத்தில் நெரிந்தபோது, சைக்கிள் கரியரில் வயலின் பெட்டி கட்டியிருந்தவர்களைக் கண்டேன். மிருதங்கத்தைச் சேலையால் சுற்றி மடியில் வைத்திருந்த ஒரு பெரியவரையும் கண்டேன். எங்கள் ரீச்சரின் பியானோ வீட்டு முன்னறையிலேயே நின்றது.

யாழ்ப்பாணத்தில் பியானோவா என்று வெளியூர்க்காரர் கேட்பதுண்டு. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்து இறங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினறி, 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலை. அவர்கள் கீர்த்தனைகளையும் பாடினார்கள், நான்கு குரல் ஞானப்பாட்டுகளையும் கற்றுக்கொடுத்தார்கள். ஆங்கிலேய மிஷனும் கத்தோலிக்க மடங்களும் நடத்திய பள்ளிக்கூடங்களிலும் பியானோச் சத்தம் கேட்டது. பெடல் மிதிக்கும் ஆர்மோனியம் சின்னக் கோயில்களில்கூட இருந்தது. அதே ஆர்மோனியத்தின் கைப்பெட்டி வடிவம் இசை நாடகக் கொட்டகைக்குப் போய், எங்கள் ஊர் நாடக நடிகர் வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திரனுக்குச் சுருதி கொடுத்தது. ஆக, கறுப்பும் வெள்ளையுமான கட்டைகள் எங்கள் ஊருக்குப் புதிசில்லை.

ரீச்சரின் வீடு சுண்டுக்குளிப் பக்கம். அவருடைய தாயார் காலத்தில் கொழும்பிலிருந்து ரயிலில் வந்த பியானோ, சுவரோடு சாய்ந்து நிற்கிற வகை. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. பற்றரி, சோப், பெற்றோல், சீமெந்து என்று தடை வந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்ட கதையை இன்றைக்கும் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். கசெற் பிளேயர் ஓய்ந்தது, பற்றரி இல்லாமல் சின்னக் கீபோர்ட்டுகளும் ஓய்ந்தன. பியானோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1700ஆம் ஆண்டளவில் இத்தாலியில் கிறிஸ்டோபோரி செய்த வாத்தியத்தின் வாரிசு அது, கரண்டை ஒரு நாளும் கேட்டதில்லை. இருட்டினால் ஒரு குப்பி விளக்கு, அதுவும் எண்ணெய் மிச்சம் பிடிக்க வேண்டிய நாட்களில் இல்லை. இருட்டில் வாசிக்கப் பழகினோம்.

அதற்குத் தேவைப்பட்டது வேறொன்று, சுருதி கூட்டுகிற ஆள். ஒரு பியானோவுக்குள் கிட்டத்தட்ட 230 கம்பிகள். எல்லாம் சேர்ந்து இரும்புச் சட்டத்தை இழுக்கிற விசை 15 தொன்னுக்கு மேல். கடல் காற்றும் ஈரமும் பலகையை ஊத வைக்கும், வெயிலில் பலகை சுருங்கும், சுருதி இறங்கும். முன்பு கொழும்பிலிருந்து ஒருவர் வந்து கூட்டிவிட்டுப் போவாராம். கிளாலிக் கடலால் இரவில் வள்ளம் ஏறித்தான் ஊரை விட்டு வெளியே போகலாம் என்று ஆன பிறகு யார் வருவது? ரீச்சரிடம் ஒரு சுருதிக் கவையும் பழைய ட்யூனிங் சாவியும் இருந்தன. நடு இரண்டு ஸ்தாயியை மட்டும் தானே கூட்டிக்கொள்வார். பியானோவில் நடு, மேல் சுரங்களுக்கு மூன்று மூன்று கம்பி. அதில் ஒன்று கலைந்து, சாவிக்கும் மசியாமல் போனால், அந்தக் கம்பிக்கும் பக்கத்துச் சுரத்தின் கம்பிக்கும் இடையில் சைக்கிள் ரியூப் துண்டொன்றை ஆப்பாக வெட்டிச் செருகி அதன் வாயை அடைத்துவிடுவார். மிச்ச இரண்டும் பாடும். 1995 வரும்போது அந்தப் பியானோவில் மூன்று கம்பியும் ஒலித்த சுரங்கள் அரைவாசிதான் இருக்கும். ஒலி மெலிந்திருந்தது, ஆனால் சுத்தமாக இருந்தது. கறையானுக்கு மண்ணெண்ணெய்த் துணி வைப்பது பழைய வழக்கம். மண்ணெண்ணெய் பொன் விலை விற்றபோது வேப்பிலை வைத்தோம்.

பொம்மர் சத்தம் கேட்டால் வளவுக்குள் இருந்த பங்கருக்கு ஓட வேண்டும். ரீச்சர் கட்டை மூடியைச் சாத்தாமல் எங்களை ஓட விடமாட்டார். அதிர்ச்சியில் கூரையிலிருந்து சுண்ணாம்பு கொட்டும், கட்டை இடுக்குக்குள் விழுந்தால் எடுக்க முடியாது. திரும்பி வந்ததும், “சரி பிள்ளை, எந்த பார்?” என்றுதான் கேட்பார். என்ன பயம், எங்கே விழுந்தது என்றெல்லாம் பேச்சு இல்லை. அப்படியொரு நாள்தான் மைரா ஹெஸ்ஸைப் பற்றி முதல் முறை சொன்னார். அவரைப் பற்றி எனக்கு இருக்கிற பிடிப்பு அந்த வீட்டில் தொடங்கியது.

சரி, லண்டனுக்கு வருவோம். 1939 செப்ரெம்பர் 3ஆம் திகதி போர் அறிவித்த கையோடு தியேட்டர், சினிமா, கச்சேரி மண்டபம் எல்லாவற்றையும் மூடச் சொன்னது அரசாங்கம். இரவில் ஊர் முழுக்க விளக்கணைப்பு. ட்ரஃபல்கர் சதுக்கத்தில் இருக்கும் தேசிய ஓவியக்கூடத்தின் படங்களை ஏற்கெனவே வேல்ஸ் பக்கம் அனுப்பிவிட்டார்கள். பிறகு அவற்றை ஒரு கற்சுரங்கத்துக்குள் பத்திரப்படுத்தினார்கள். வெறும் சுவர்களோடு அவ்வளவு பெரிய கட்டடம் சும்மா நின்றது. ஹெஸ்ஸுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. அமெரிக்கப் பயணம் ஒன்று தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டு, ஓவியக்கூடத்தின் இயக்குநர் கென்னத் கிளார்க்கிடம் போய், இடையிடையே ஒரு கச்சேரி வைக்க இடம் தருவீர்களா என்று கேட்டார். இடையிடையே ஏன், தினமும் வையுங்களேன் என்றார் கிளார்க்.

1939 ஒக்ரோபர் 10, மதியம் ஒரு மணி. நுழைவு ஒரு ஷில்லிங். முதல் நாள் ஹெஸ்ஸே வாசித்தார். பீத்தோவனின் அப்பஸ்யொனாத்தா சொனாட்டாவும் அதில் இருந்தது. ஒரு சின்னக் கூட்டத்தை எதிர்பார்த்தார்கள், ஆயிரம் பேரளவில் வந்து நின்றார்கள். அலுவலகத்து எழுத்தர்கள், கடையில் நிற்கிற பெண்கள், விடுமுறையில் வந்த சிப்பாய்கள், நிலத்தில் இருந்தவர்கள், தூணோடு சாய்ந்து நின்றவர்கள்.

திங்கள் முதல் வெள்ளி வரை, ஒரு மணிக்கு. எங்கள் நல்லூர்ப் பூசை மாதிரி, மணி என்றால் மணி. 1946 ஏப்ரல் 10ஆம் திகதி வரை 1,698 கச்சேரிகள். டிக்கெட் வாங்கி வந்தவர்களின் கணக்கு 824,152. ஹெஸ் தானே வாசித்தது ஏறத்தாழ 150 கச்சேரிகளில். மற்றவற்றை ஒழுங்கு செய்தார். யார் வாசிப்பது, என்ன வாசிப்பது, யாருக்குக் காய்ச்சல், யாருடைய மகன் போர்முனையில் இறந்ததால் இன்றைக்கு வர முடியாது, பதிலுக்கு யார். ஒரு சதமும் தனக்கென்று எடுக்கவில்லை. வருமானத்தில் மிஞ்சியது கஷ்டப்பட்ட இசைக்கலைஞர்களின் உதவி நிதிக்குப் போனது.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஹெஸ்ஸை ஒரு வீராங்கனையாக நிறுத்துகிறார்கள். குண்டு மழைக்கு நடுவே பியானோ வாசித்த பெண் என்ற படம் அழகானதுதான். நான் அதற்கு மேலே வைப்பது 1,698இல் அவர் வாசிக்காத ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சத்தை. தன் பெயருக்கு மண்டபம் நிறையும் என்று தெரிந்த ஒருவர், பெயர் தெரியாத இளையவர்களுக்கும் வேலை இழந்து நின்ற மூத்தவர்களுக்கும் அதே மேடையை, அதே நேரத்தில், நாள்தோறும் திறந்துவைத்தார். மொஸார்ட்டின் பியானோ கொன்சேர்ட்டோக்கள் முழுவதையும் அங்கே வாசித்து முடித்தார்கள். போர் இல்லாத காலத்திலேயே பெரிய மண்டபங்கள் எளிதில் தொடாத வேலை அது. கச்சேரிக் கலைஞர் ஒருவரின் சாதனை என்று எதைக் கணக்கெடுப்பது என்று என்னைக் கேட்டால், அவருடைய ஒலித்தட்டுகளுக்கு முன்பாக இந்தக் கால அட்டவணையைத்தான் காட்டுவேன்.

1940 செப்ரெம்பர் 7ஆம் திகதி லண்டன் மேல் தொடர் குண்டுவீச்சு ஆரம்பித்தது. கச்சேரி நிலவறைக்கு இறங்கியது. குளிர், ஈரம், நெருக்கம். ஓவியக்கூடக் கட்டடத்தின் மேலேயே குண்டுகள் விழுந்தன. அந்த ஒக்ரோபரில் வெடிக்காத குண்டொன்று கட்டடத்துக்குள் கிடந்தது தெரியவந்தபோது, கச்சேரியை எட்டத்தில் இருந்த இன்னொரு அறைக்கு மாற்றினார்கள். பீத்தோவனின் நால்வர் இசை ஒன்று நடந்துகொண்டிருந்த நேரத்தில் அந்தக் குண்டு வெடித்தது. வாசித்தவர்கள் நிறுத்தவில்லை.

1907இல் பதினேழு வயதுப் பெண் அரங்கேறிய குவீன்ஸ் ஹோல் 1941 மே மாதம் குண்டில் எரிந்துபோனது. 1981இல் நூலகம் எரிந்த ஊரில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன், அதற்கு மேல் விவரிக்கத் தேவையில்லை.

அங்கே சாப்பாடும் இருந்தது. மதிய இடைவேளைக்கு வருகிறவர்கள் பசியோடு வருவார்கள் என்று பெண்கள் சிலர் சாண்ட்விச் செய்து விற்றார்கள். தேனும் உலர்ந்த திராட்சையும் வைத்தது பெயர் போனது. பங்கீட்டுக் காலத்தில் தேன்! இன்னொன்றும் செய்தார்கள். 1942இலிருந்து மாதம் ஒரு ஓவியத்தை மட்டும் வேல்ஸிலிருந்து கொண்டுவந்து மாட்டினார்கள். வெறும் சுவர்களுக்கு நடுவே ஒரே ஒரு படம். சனம் வரிசையில் நின்று பார்த்தது.

என்னை எப்போதும் யோசிக்க வைப்பது அவர்கள் வாசித்த இசை. பாக், பீத்தோவன், ஷூபேர்ட், ஷூமான், பிராம்ஸ். பாதிக்கு மேல் ஜெர்மன் நாட்டு, ஒஸ்திரிய நாட்டு இசை. மேலே வந்து குண்டு போட்டவனின் ஊர் இசை. ஹெஸ் யூதப் பெண். அதே காலத்தில் ஜெர்மனியில் பிறந்திருந்தால், பாக்கின் ஒரு பக்கத்தைக்கூட மேடையில் வாசிக்க அவரை விட்டிருக்கமாட்டார்கள். 1933இலிருந்தே யூதக் கலைஞர்களை மேடைகளிலிருந்து துரத்திவிட்டார்கள், இறந்து எண்பது வருடமும் தாண்டிய மெண்டல்சனின் இசையைக்கூட ஒதுக்கிவைத்தார்கள். லண்டனில் அவர் எதையும் ஒதுக்கவில்லை. இசை ஹிட்லருடையது அல்ல என்பதில் அவருக்குத் துளி சந்தேகமும் இருக்கவில்லை.

இதை வாசிக்கிறபோது எனக்கு அப்பாவின் நினைவு வரும். அப்பா எண்பத்துமூன்றுக்கு முன்பு கொழும்பில் வேலை பார்த்தவர். கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டு வந்தபோது அவருடைய பையில் சிங்களப் பாடகர் அமரதேவாவின் கசெற் ஒன்றும் வந்துவிட்டது. கரண்ட் நிற்கும் வரைக்கும் பின்னேரங்களில் அதைக் கேட்பார். மாமாவுக்குப் பிடிக்காது. “எங்களை எரிச்சவங்கட பாட்டு உமக்கு இனிக்குதோ அத்தான்?” என்று ஒருநாள் கேட்டேவிட்டார். மாமாவின் கடை எரிந்திருந்தது, அவர் கோபத்தில் பிழை சொல்ல முடியாது. அப்பா வாதாடவில்லை, சத்தத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. லண்டனில் அந்த மதிய நேரங்களில் பிராம்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் வீடு எரிந்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுக்குள் மாமா மாதிரி நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனாலும் வந்து இருந்தார்கள். இந்த விஷயத்தில் நான் அப்பா பக்கம், ஹெஸ் பக்கம்.

ஹெஸ் என்றதும் எல்லோருக்கும் நினைவு வரும் துண்டு ஒன்று உண்டு. பாக் 1723இல் லைப்ஸிக் தேவாலயத்துக்கு எழுதிய 147ஆம் இலக்கக் கன்டாட்டா என்ற வழிபாட்டுப் பாட்டுத் தொகுப்பில் வரும் கூட்டுப்பாடல், ஆங்கிலத்தில் ‘ஜீசு, ஜோய் ஒஃப் மேன்ஸ் டிசையரிங்’. பாடகர்களுக்கும் வாத்தியங்களுக்கும் எழுதியதை ஹெஸ் ஒற்றைப் பியானோவுக்கு மாற்றினார். 1926இல் அச்சாகியது. ஓவியக்கூடத்து முதல் நாளிலும் அதை வாசித்தார். உலகத்தில் கலியாணத்துக்கும் சாவுக்கும் ஒரேயளவாக வாசிக்கப்படுகிற துண்டு அதுவாகத்தான் இருக்கும். எங்கள் ஊர்த் தேவாலயங்களிலும் பெண் உள்ளே வரும்போது கேட்டிருப்பீர்கள்.

வெளியிலிருந்து கேட்க மிகச் சுலபம். மூன்று மூன்றாகச் சுரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும், எங்கள் கணக்கில் திஸ்ர நடை. சுரவரிசை மேஜர், சங்கராபரணம் தெரிந்த காதுக்கு உடனே வீடு வந்த மாதிரி இருக்கும். கொஞ்சம் போனதும் அந்த ஓட்டத்துக்கு உள்ளே, நடுவில், நீண்ட சுரங்களில் பாடல் தொடங்கும். அங்கேதான் பிடி. அந்தப் பாடலுக்கென்று ஒரு கை கிடையாது. வலது கையின் மேல் விரல்கள் ஓட்டத்தைப் பார்க்க, பாடலைப் பெருவிரல் எடுக்க வேண்டும். சில இடத்தில் இடது கையின் பெருவிரல் வாங்கிக்கொள்ளும், பிறகு வலதுக்குத் திருப்பிக் கொடுக்கும். கேட்கிறவருக்கு ஒரு ஆள் மூச்சு விடாமல் பாடுவதாகப் பட வேண்டும். பெருவிரல்தான் கையிலேயே முரட்டு விரல். அதை வைத்துப் பாட வேண்டும், மேலே நிற்கிற மெல்லிய விரல்களை அடக்க வேண்டும். மத்தேயிடம் கற்ற பாரம் விடும் வித்தை முழுக்க இந்த மூன்று நிமிடச் சொச்சத்துக்குள் இருக்கிறது. ரீச்சர் என் பெருவிரலைத் தன் இரண்டு விரலால் பிடித்துக் கட்டைக்குள் மெதுவாக அழுத்திக் காட்டுவார். “அடிக்காதையும் பிள்ளை. உள்ளுக்கு விடும். இன்னும் உள்ளுக்கு.” கட்டையின் அடியில் ஃபெல்ட் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் விரல் ஓய்ந்திருக்க வேண்டும், அழுத்தக்கூடாது. எனக்கு அது கைவரப் பல மாதம் எடுத்தது. எங்கள் பியானோவில் அந்தப் பாடல் வரும் நடு ஸ்தாயியில் பல சுரங்களுக்கு இரண்டு கம்பிதான், ஓட்டம் வரும் மேல் சுரங்கள் சிலவற்றுக்கு மூன்று. எந்தச் சுரத்துக்கு எவ்வளவு பாரம் விடுவது என்பது வீட்டுக்கு வீடு மாறும் என்று அப்போதே பழகிவிட்டது.

1996இல் ஊர் திரும்பியபோது ரீச்சர் வீட்டின் கூரையில் பாதி இல்லை. பியானோ நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு மாரி முழுக்க மழை அதற்குள் பெய்திருந்தது. ஒலிப்பலகை நீளத்துக்குப் பிளந்திருந்தது, கட்டைகள் ஊதி ஒன்றோடொன்று இறுகியிருந்தன. ரீச்சர் அதைப் பார்க்கத் திரும்பி வரவில்லை. கொழும்பில் உறவினரோடு தங்கி, அங்கேயும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, அங்கேயே காலமானார். அவர் என்னிடம் விட்டுப்போனது அந்தக் கூட்டுப்பாடலின் நோட்ஸும் சுருதிக் கவையும்.

ஹெஸ்ஸுக்கு 1941இல் டேம் பட்டம் கொடுத்தார்கள். அப்போது எடுத்த ஒரு அரசாங்கப் படத்தில், விமானப்படை வாத்தியக் குழுவோடு மொஸார்ட்டின் ஜி மேஜர் கொன்சேர்ட்டோவை அவர் வாசிப்பதைப் பார்க்கலாம். முகத்தில் நாடகம் ஒன்றும் இல்லை. போர் முடிந்த பிறகு மறுபடி அமெரிக்கா, மறுபடி பயணங்கள். ஒலிப்பதிவு அறை அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது, ஆளில்லாத அறையில் மைக்குக்கு முன்னால் வாசிப்பது அவருக்குச் சரிவரவில்லை. ஆகவே அவ்வளவு பெரிய வாழ்க்கைக்கு மிஞ்சியிருக்கும் தட்டுகள் கொஞ்சம்தான். அதில் 1953இல் பதிவான பீத்தோவனின் கடைசிக் காலச் சொனாட்டாக்கள் இரண்டும் இருக்கின்றன, ஓபஸ் 109உம் 110உம். 109இன் மூன்றாம் பகுதியை மட்டும் என்றாலும் தேடிக் கேளுங்கள். அங்கே ஒரு எளிய பாட்டு வருகிறது, அதன் மேல் ஆறு மாறுதல்கள். கடைசி மாறுதலில் ஒரே சுரம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வேகம் பிடித்துக் கடைசியில் நடுக்கமாகவே ஆகிவிடும். எத்தனையோ பேர் அந்த இடத்தில் மின்னல் காட்டுகிறார்கள். ஹெஸ் அவசரப்படுவதில்லை, கீழே நடக்கிற பாட்டைக் கைவிடுவதும் இல்லை.

1961இல் உடல்நிலை முறிந்தது. அந்த ஒக்ரோபரில் ரோயல் ஃபெஸ்டிவல் ஹோலில் மொஸார்ட்டின் ஏ மேஜர் கொன்சேர்ட்டோவை ஏட்ரியன் போல்ட்டோடு வாசித்ததுதான் கடைசி மேடை. தொடங்கியது வாத்தியக் குழுவுக்கு முன்னே தனியாகப் பேசும் கொன்சேர்ட்டோவோடு, முடித்தது அதைவிட எளிமையான ஒன்றோடு. அதற்குப் பிறகும் மாணவர்கள் வந்தார்கள். அமெரிக்காவிலிருந்து பதினெட்டு வயதில், 1959இல், அவரிடம் படிக்கவென்றே லண்டன் வந்த ஸ்டீபன் கோவசெவிச் இன்று உலகம் அறிந்த பெரிய கலைஞர். 1965 நவம்பர் 25ஆம் திகதி, எழுபத்தைந்து வயதில், ஹெஸ் காலமானார். இளமையில் பிழைப்புக்குத் தொடங்கிய அந்தச் சொல்லிக்கொடுக்கிற வேலைதான் கடைசி வரை கூட வந்தது.

நான் இப்போது பள்ளிக்கூடம் ஒன்றில் மேற்கத்திய இசை படிப்பிக்கிறேன். பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் கீபோர்ட்டில்தான் பழகுகிறார்கள். அதில் சுருதி கலையாது, கட்டைக்கும் பாரம் இல்லை. பள்ளி மண்டபத்தில் நிற்கிற பழைய பியானோவில் கை வைத்ததும் திகைத்துவிடுவார்கள். லண்டன் பரீட்சைக்குத் தயாராகும் ஒரு பிள்ளை ஹெஸ்ஸின் கூட்டுப்பாடலை எடுத்திருக்கிறாள். பரீட்சை அறையில் ஒரே ஒரு ஆளுக்கு முன்னால் முதல் தரம் வாசிப்பதைவிட, சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் போய்வரும் மண்டபத்தில் வாசித்துப் பழகு என்றேன். “சத்தம் போடுவினம் மிஸ், கேக்கமாட்டினம்” என்றாள். போடட்டும் என்றேன். அதிபரிடம் கேட்டு, புதன்கிழமைகளில் இடைவேளை நேரத்தை எழுதி வாங்கியிருக்கிறோம். வருகிற புதன் அவள், அதற்கடுத்த புதன் வயலின் படிக்கிற இரண்டு பேர், பிறகு வீணைப் பிள்ளைகள் வருகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். மேல்ஸ்தாயியில் இரண்டு கட்டை ஒட்டிக்கொண்டு எழும்பாமல் நிற்கின்றன. நல்ல காலம், கூட்டுப்பாடல் அவ்வளவு மேலே போகாது. மற்ற நாட்களுக்கும் அந்தக் கட்டைகளைத் தொடாத துண்டுகளாகப் பார்த்து ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.